ஒன்ராறியோவில் முதல் வீடு: முற்பணத்துக்கு மேலே போகும் காசு

பி.ஆர் (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து வீடு தேடத் தொடங்கினவர்கள் முற்பணத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். வீடு கைமாறும் குளோசிங் நாளில் கழுத்தைப் பிடிப்பது மற்றச் செலவு.

ரொறன்ரோவுக்குள் 700,000 டொலர் வீடு என்று வையுங்கள். முதல் 500,000க்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம். ஆகக் குறைந்த முற்பணம் 45,000. இது 20 வீதத்துக்குக் கீழே என்பதால் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) காப்புறுதி கட்டாயம்: கடன் 655,000, அதில் 4 வீதம், 26,200. இதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆனால் காப்புறுதிக்கு வரும் 8 வீத மாகாண விற்பனை வரியைச் சேர்க்க விடமாட்டார்கள். 2,096 டொலர், கையிலிருந்து.

அடுத்தது காணி மாற்று வரி. மாகாணத்துக்கு 10,475, நகரத்துக்கு இன்னொரு 10,475. முதல் வீட்டுக்காரருக்கு மாகாணம் 4,000, நகரம் 4,475 வரை கழிக்கும், மிச்சம் 12,475. அதே விலை வீடு ரொறன்ரோவின் எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கத்தில் என்றால் நகர வரியே கிடையாது, 6,475 தான். வீதியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கு 6,000 டொலர்! வங்கி வழக்கமாக இதர செலவுக்கென்று விலையில் 1.5 வீதம், அதாவது 10,500, காட்டச் சொல்லும். ரொறன்ரோவுக்கு அது காணாது. சட்டத்தரணியின் கட்டணத்துக்கு முன்னரே 14,571 வந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அந்தக் காணி மாற்று வரிக் கழிவு கிடைக்க, உலகத்தில் எங்கேயும் உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கக் கூடாது. மனைவிக்குச் சீதனமாக எழுதின வீடு இன்னும் அவர் பெயரில் இருந்தால் இருவருக்குமே கழிவு இல்லை, 8,475 போய்விடும். வாங்கும் பத்திரத்தில் கணவன் பெயரை மட்டும் போட்டும் தப்ப முடியாது. சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொய்யாக உறுதி கொடுக்கப் போகாதீர்கள்.

சேமிக்க எஃப்.எச்.எஸ்.ஏ (முதல் வீட்டுக்கான சேமிப்பு) கணக்கே முதல் தெரிவு. இதற்கு விதி வேறு: இந்த வருடமோ முந்தைய நான்கு வருடங்களிலோ, நீங்களோ துணையோ சொந்தமாக வைத்திருந்த வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது. ஊர் வீட்டில் இருந்ததும் கணக்கில் வரும். வருடம் 8,000, மொத்தம் 40,000. கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான் இடம் (போடக்கூடிய தொகை) சேரும். ஆகவே காசில்லாவிட்டாலும் டிசம்பருக்குள் திறந்து வையுங்கள், ஜனவரியில் 16,000 போடலாம். கணவன், மனைவி தனித்தனியே திறந்தால் 32,000. முதல் வருடச் சம்பளம் குறைவென்றால், போட்ட காசுக்கான வருமான வரிக் கழிவை உடனே எடுக்காமல், சம்பளம் கூடுகிற வருடத்துக்கு வைத்திருக்கலாம். பெப்ரவரியில் போட்டால் போன வருடக் கணக்கில் சேராது, ஆர்.ஆர்.எஸ்.பி (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) பழக்கத்தில் இங்கே பலர் பிழை விடுகிறார்கள்.

ஆர்.ஆர்.எஸ்.பியிலிருந்தும் ஆளுக்கு 60,000 வரை எடுக்கலாம். ஆனால் அதன் இடம் போன வருட உழைப்பில் 18 வீதம், புதிதாக வந்தவருக்கு ஒன்றுமிராது. போட்ட காசு 90 நாள் உள்ளே கிடக்கவும் வேண்டும்.

முற்பணத்துக்கும் வங்கி 90 நாள் கணக்கறிக்கை கேட்கும். சீட்டுக் காசைக் கட்டாகக் கொண்டுவந்து கடைசி வாரம் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். பெற்றோர் தருவதென்றால் வங்கி வழியாக அனுப்பட்டும். திருப்பிக் கேட்கமாட்டோம் என்று கையெழுத்திட்ட நன்கொடைக் கடிதமும் கூடவே வேண்டும்.