சம்ப் கழற்றிப் பூட்டின பிறகு எஞ்சின் போனது: உங்கட அனுபவங்களையும் எழுதுங்க

கல்லடிப்பாலம்:
டொயோட்டா அக்சியோ கார், 1என்இசட் எஞ்சின், 82,000 கிலோமீற்றர். எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டு, அதான் சம்ப், அதில ஒயில் கசிவு. கொம்பனி சேர்விஸில கீழ்ச் சம்பைக் கழற்றி, கசியாம ஒட்டுற சிலிகன் பசை போட்டுத் தந்தாங்க. பிறகு 1,900 கிலோமீற்றர் ஓடியிருக்கும். கொழும்பு போற வழியில, மன்னம்பிட்டி தாண்டி ஒயில் லைட் சிவப்பா மின்னிச்சு. நிப்பாட்டி டிப்ஸ்டிக்கை இழுத்தா ஒயில் மேல் கோட்டில நிக்குது. பத்து நிமிசத்தால ஸ்டார்ட் பண்ண லைட் இல்ல. அதே இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினா, நிண்ட இடத்தில ஓட விட்டுப் பார்த்திட்டு "சென்சர் பிழை" எண்டு ஒயில் லைட்டை எரிய வைக்கிற சுவிச்சை மாத்தி பில் போட்டாங்க. நாலாம் நாள் கீழ எஞ்சின் தட்டத் தொடங்கிட்டு.

வெளிக் கராஜில சம்பை இறக்கினப்போ கண்டது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பம்பு ஒயில் உறிஞ்சுற வாயில இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையில மூண்டில ரெண்டு பங்கு கறுப்புச் சிலிகன், இடியப்பம் பிழிஞ்ச மாதிரி ஒட்டிக்கிடக்கு. பிஸ்டன் தண்டு சுத்துற இடத்தில இருக்கிற கொன்ரொட் பெயாரிங்ல பூச்சுத் தேய்ஞ்சு செம்பு தெரியுது. வாரண்டி கேட்டதுக்கு "ஒயில் இல்லாம ஓடியிருக்கு" எண்டு எழுத்தில தந்திருக்காங்க.

கல்முனைக்குடி:
அந்த லைட் ஒயில் அளவைக் காட்டுற லைட் இல்ல, அமுக்கத்தைக் காட்டுறது. சம்ப் நிறைய ஒயில் இருந்தாலும் பம்புக்கு ஏறாட்டி எரியும். வேகமா ஓடும்போது உறிஞ்சல் கூட, சிலிகன் துண்டெல்லாம் வலையில போய் அப்பும். எஞ்சினை நிப்பாட்டினா உறிஞ்சல் இல்ல, கொஞ்சம் கீழ விழுந்திரும். அதுதான் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா லைட் இல்ல. நிண்ட இடத்தில சோதிச்சா ஆயுசுக்கும் பிடிபடாது. சுவிச்சைக் கழற்றி அந்த ஓட்டையில அமுக்க மீற்றரைப் பூட்டி, எஞ்சின் நல்லாச் சூடான பிறகு நிமிசத்துக்கு 3,000 சுத்தில வச்சுப் பார்க்கணும். 150 கிலோபாஸ்கலுக்குக் குறைஞ்சா சம்பை இறக்கித்தான் ஆகணும். அரை மணித்தியால வேலை. அதைச் செய்யாம சுவிச்சை மாத்தினதுதான் பெரிய பிழை.

சிலிகன் போடுறதிலயும் முறை இருக்கு. பழசைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை இல்லாமத் துடைச்சு, 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பில ஒரே கோடா இழுத்து, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாச் சுத்தி வரணும். மூண்டு நிமிசத்துக்குள்ள சம்பைப் பூட்டணும், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒயில் ஊத்தப்படாது. கையால அள்ளி அப்பினா, இறுக்கும்போது பிதுங்கி உள்ளதான் போகும்.

கோளாவில்:
அக்கரைப்பற்றில ஒரு டொயோட்டா அக்குவா கார். சேர்விஸ் முடிஞ்சு வந்த மறுநாள் காலம ஸ்டார்ட் பண்ணி எடுக்க, வளவுக்குள்ள இருந்து றோட்டு வரைக்கும் ஒயில் கோடு. பழைய ஒயில் பில்டரிட ரப்பர் வளையம் எஞ்சினோட ஒட்டிக்கிடந்திருக்கு, அதுக்கு மேல புதுப் பில்டரைப் பூட்டியிருக்காங்க. ரெண்டு வளையம் சேர்ந்தா சூட்டில தாங்கும். காலம குளிர் ஒயில் அமுக்கம் ஏறினவுடன வழுக்கி வெளிய வந்திரும். மொத்தமே 3.7 லீற்றர், போக எவ்வளவு நேரம்? கழற்றின பில்டரைக் கையில வாங்கி வளையம் அதில இருக்கா எண்டு பாருங்க. புதுசுக்கு வளையத்தில ஒயில் பூசி, தொட்ட பிறகு முக்கால் சுத்து கையால போதும்.

இன்னொண்டு, எங்கட வெயிலுக்கு இந்த 0டபிள்யூ-20 தண்ணி ஒயில் சரிவராது. ஜப்பான் குளிருக்குச் செய்தது. 10டபிள்யூ-40 ஊத்தினா பெயாரிங் தட்டாது. கல்லடி அண்ணனும் அதை ஊத்தியிருந்தா தப்பியிருக்கும்.

கல்முனைக்குடி:
தப்பியிருக்காது தம்பி. வலை அடைபட்ட எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில் இன்னும் கஷ்டம், அடைஞ்ச வலையால அது மெல்லத்தான் ஏறும். முதல் எண் குளிர் ஸ்டார்ட்டுக்கு, ரெண்டாவது எண் 100 பாகையில தடிப்பு. எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டட் வேலை செய்தா மட்டக்களப்பிலயும் நுவரெலியாவிலயும் எஞ்சின் சூடு கிட்டத்தட்ட ஒண்டுதான். கைநூலில 5டபிள்யூ-30 எண்டும் இருந்தா தாராளமா ஊத்துங்க. தட்டுற சத்தத்தை அமத்தத் தடிச்ச ஒயில் ஊத்திறது விக்கிறவன்ட வேலை.

செங்கலடிச்சந்தி:
எல்லாரும் ஒயிலையே பேசுறீங்க. இங்க ஹெட் (எஞ்சினிட மேல் தலை) போற எஞ்சின் பாதி, குளிர வைக்கிற தண்ணியால போகுது. ஒரு பிரியஸ், சேர்விஸில "கூலன்ட் நிரப்பினது" எண்டு கார்ட்டில டிக் போட்டிருக்கு. திறந்தா துருநிறத் தண்ணி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஊர்க் கிணத்துத் தண்ணியில உப்பு. அலுமினியத்தைத் தின்னும், குழாயில படியும். டொயோட்டாட பிங்க் கூலன்ட் தண்ணி கலந்தே வருது, ஒரு சொட்டும் தண்ணி சேர்க்காதீங்க. முதல் மாத்தல் 160,000 கிலோமீற்றரில, பிறகு 80,000க்கு ஒருக்கா. கலக்கிற வகையெண்டா வடிச்ச தண்ணி பாதிக்குப் பாதி. காலம முதல் ஸ்டார்ட்டில சில செக்கன் உதறிட்டுச் சரியானா அதைக் "குளிர்" எண்டு விடாதீங்க. ஹெட்டுக்குக் கீழ இருக்கிற ஹெட் காஸ்கட்டால தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்குற அடையாளமா இருக்கலாம். ரேடியேட்டர் வாயில வச்சுப் பார்க்கிற நீல மருந்து மஞ்சளானா அது உறுதி. ஹெட்டைக் கழற்றினா நேர்மட்டம் வச்சுப் பாருங்க, 0.05 மில்லிமீற்றருக்கு மேல வளைஞ்சிருந்தா லேத்தில மட்டம் எடுக்காம புதுக் காஸ்கட் போட்டும் பிரயோசனம் இல்ல. இந்த மொடலுக்கு புகையைத் திரும்ப எஞ்சினுக்கு விடுற வழியில இருக்கிற ஈஜிஆர் கூலரையும் கழற்றிக் கழுவணும், கரி அடைஞ்சிருந்தா திரும்பவும் போகும்.

அம்பாறைவீதி:
கல்லடிக்காரருக்கு: வெளிக் கராஜில திறந்துட்டீங்க, அவங்க அதைத்தான் பிடிப்பாங்க. இனி ஒரு சாமானும் கழுவ விடாதீங்க. ஸ்ட்ரெய்னரைச் சிலிகனோட பொலித்தீனில கட்டி வைங்க, சம்பில மிச்சம் கிடந்த ஒயில் 200 மில்லிலீற்றர் சுத்தமான போத்தலில. மீற்றர், சேசி இலக்கம், பெயாரிங் எல்லாம் ஒரே தொடரா படம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கணும், சேவை தந்து மூண்டு மாசத்துக்குள்ள. அதிகார சபையிட 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னது மட்டும் போதாது. ரெண்டு பில்லும், "ஒயில் இல்லாம ஓடியிருக்கு" எண்ட கடிதமும் சேர்த்துக் குடுங்க. சுவிச் மாத்தின பில்லுதான் உங்கட பலம். லைட் எரிஞ்சதை அவங்களே எழுதி வச்சிருக்காங்க.

கல்லடிப்பாலம்:
ஸ்ட்ரெய்னர் பையில இருக்கு, கழுவல. ஒயிலை மெக்கானிக் ஊத்திட்டார், அது போச்சு. சம்ப் வேலை செய்து இன்னும் மூண்டு மாசம் ஆகல, முறைப்பாட்டைத் திங்கள் குடுக்கிறன். கிரேங்கில (பிஸ்டன்கள் சுத்துற தண்டு), பெயாரிங் இருக்கிற ரெண்டாவது கழுத்து கீறியிருக்கு. மட்டக்களப்புக்குள்ள 0.25 மில்லிமீற்றர் கீழ் சைசுக்கு நம்பிக் கிரைண்ட் பண்ணக் குடுக்கிற லேத் இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி கண்டிக்குத்தான் அனுப்பணும்.