கலைச்சொல் வேண்டல்: உளவியலில் 'காம்ப்ளெக்ஸ்'

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

குழுமத்தாருக்கு வணக்கம்.

மனநல ஆலோசகர் பயிற்சிக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். நான்காம் இயலில் நகர முடியாமல் நிற்கிறேன். 'காம்ப்ளெக்ஸ்' (ஓர் உணர்ச்சியைச் சுற்றி மனத்தில் கெட்டிப்பட்டு நிற்கும் எண்ணங்கள்) என்பதற்கு எல்லாக் கூட்டுச்சொற்களிலும் பொருந்தக்கூடிய ஒரே சொல் வேண்டும்.

'தாழ்வு மனப்பான்மை' ஊரறிந்த சொல்தான். ஆனால் 'ஆட்டிட்யூட்' என்பதற்கும் 'மனப்பான்மை' என்றே மூன்று இயல்களில் போட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய தொல்லை உளவியலாளர் ஆல்ஃப்ரெட் ஆட்லரால் வருகிறது. அவர் தாழ்வுணர்ச்சியை வேறாகவும் காம்ப்ளெக்ஸை வேறாகவும் பிரிக்கிறார். தாழ்வுணர்ச்சி எல்லோருக்கும் உண்டு. பெரியவர்கள் நடுவே சிறியதாக வளரும் குழந்தைக்கு அது இயல்பாக வருவது, மேலே ஏறத் தூண்டுவது. அது கெட்டிப்பட்டு, 'என்னால் ஆகாது' என்பதையே காரணமாகக் காட்டி வேலை, நட்பு, காதல் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்க வைக்கும்போதுதான் காம்ப்ளெக்ஸ். நாமோ வகுப்பில் வாய்திறக்கக் கூசும் பிள்ளைக்கும் 'தாழ்வு மனப்பான்மை' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு ஒரு ஆலோசகர் அப்படிச் செய்தால் பழி என்மேல்தான்.

தமிழாசிரியர் எழுதியது

அன்பரே, வள்ளுவர் தந்த சொல் இருக்கிறது.

'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்' (குறள் 119)

உள்ளே கோணல் இல்லாதபோதுதான் சொல்லும் கோணாது என்கிறார். உங்கள் இயல் சொல்வதும் இதைத்தானே? தாழ்வுக்கோட்டம், உயர்வுக்கோட்டம், குற்றக்கோட்டம் என்று எதனோடும் தடையின்றிப் புணரும்.

தாழ்வுணர்ச்சிக்குத் தனிச்சொல் வேண்டுமானால் தொல்காப்பியத்தின் 'இளிவரல்' இருக்கிறது. தன்னை இழிவாக உணர்வது என்று பொருள்; எண்வகை மெய்ப்பாட்டில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று. 'மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு' என்று அது பிறக்கும் இடங்கள் நான்கையும் மெய்ப்பாட்டியல் எண்ணுகிறது. ஆட்லர் 1907இல் உடலுறுப்புக் குறைபாட்டிலிருந்து தொடங்கினார் அல்லவா? நம்மிடம் பிணியும் மூப்பும் அந்தப் பட்டியலில் முன்பே உள்ளன. இதைக் கையேட்டில் அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.

ஆலோசகர் எழுதியது

ஐயா, 'உட்கோட்டம்' இன்று காவல்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் போய்விட்ட சொல். 'குற்றக்கோட்டம்' என்று அச்சிட்டால் காவல் எல்லை என்றே படிப்பார்கள்.

அதைவிட, அந்தக் குறள் நடுவு நிலைமை அதிகாரத்தில் வருகிறது. அங்கே கோட்டம் என்பது அறம் பிசகுவது. என் முன் வந்து உட்காருகிறவர் அறம் பிசகியவர் அல்லர். 'உனக்குள் கோணல்' என்று நோய்ப்பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அவரிடம் எப்படிப் பேசுவது?

நடப்பதைச் சொல்கிறேன். மனைவி தொலைபேசியில் 'எத்தனை மணிக்கு வருவீங்க?' என்று கேட்கிறார். கேள்வி அவ்வளவுதான். கணவர் காதில் 'வழக்கம்போல நேரமாக்குவீங்க' என்று விழுகிறது. உடனே, 'நான் சும்மாவா உட்கார்ந்திருக்கேன்?' என்று குரல் உயர்கிறது. அடுத்த முறை மனைவி கேட்பதில்லை. அவர் கேட்காததை, 'என்மேல் அக்கறை இல்லை' என்று இவர் எடுத்துக்கொள்கிறார். வெளியே பார்ப்பவர் இவரை 'தலைக்கனம் பிடித்தவர்' என்பார். உயர்வு என்று தெரிவது தாழ்வு போட்டுக்கொண்ட மூடி என்று ஆட்லர் சொன்னது இதைத்தான். மன்னிப்புக் கேட்டால் மூடி கழன்றுவிடும், அதனால் கேட்கவே மாட்டார்.

இன்னொன்று. பேச்சுவழக்கில் 'அவனுக்குக் காம்ப்ளெக்ஸ்' என்றாலே தாழ்வு என்றுதான் பொருள். புதுச்சொல் எதுவானாலும் குற்றவுணர்வு, எல்லோரையும் நானே காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு, எல்லோரும் என்னை வாட்டுகிறார்கள் என்ற எண்ணம் ஆகியவற்றையும் தாங்க வேண்டும். எனக்கு 'மனச்சிக்கல்' போதும். எல்லோருக்கும் புரியும்.

வேதியியல் ஆசிரியர் எழுதியது

'மனச்சிக்கல்' வேண்டாம் அம்மா. வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் ஓரெழுத்தை மாற்றிச் சிரிப்பார்கள். அதற்குமேல் பாடம் நடக்காது. தவிர, கடன் தொல்லைக்கும் மனச்சிக்கல், காதல் தோல்விக்கும் மனச்சிக்கல் என்று ஏற்கெனவே நீர்த்துப்போன சொல் அது.

இலத்தீன் 'கம்ப்ளெக்சுஸ்' என்பதற்குத் தழுவல், அணைப்பு என்று பொருள். வேதியியல் பாடநூல்கள் 'அணைவுச் சேர்மம்' என்று ஆக்கியது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நடுவில் ஒரு உலோக அணு, அதைச் சூழ்ந்து பற்றிய மூலக்கூறுகள்.

உளவியலாளர் கார்ல் யுங் கண்டதும் இதே அமைப்புதான். ஜூரிக்கின் பர்கோல்ஸ்லி மருத்துவமனையில் 1900களின் தொடக்கத்தில் அவர் சொல் இணைப்புச் சோதனை நடத்தினார். நூறு சொற்கள் கொண்ட பட்டியல். ஒவ்வொன்றாகச் சொல்லி, முதலில் மனதில் தோன்றுவதைச் சொல்லச் சொல்வார். கையில் நேரம் பார்க்கும் கடிகாரம் இருக்கும். பல சொற்களுக்கு விடை சட்டென்று வரும். திடீரென ஒரு சாதாரணச் சொல்லில் ஆள் தடுமாறுவார், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார். பட்டியலை மறுபடி கேட்டால், அங்கே தாம் சொன்ன விடையை மறந்திருப்பார். அந்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நினைவைச் சூழ்ந்து நிற்கும். நடுவில் ஓர் உணர்ச்சி, அதைப் பற்றிய நினைவுகள். ஆகவே 'மன அணைவு' என்பதே சரி.

தமிழாசிரியர் எழுதியது

உட்கோட்டத்தை அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன என்பதற்காக நாம் கைவிடுவதா? ஆலோசகர் அம்மா சொன்ன இரண்டாவது காரணத்துக்காக மட்டும் இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன்.

'அணைவு' ஒட்டாது. தாய் பிள்ளையை அணைக்கிறாள், இதுவோ நெரிப்பது. இலத்தீனுக்கே போவதென்றால் முழுதாகப் போவோம். அந்தச் சொல்லின் அடியில் 'ப்ளெக்டெரே' என்ற வினை உள்ளது. அதன் பொருள் பின்னுதல், முறுக்குதல். ஆக, 'மனப்பின்னல்'. தாழ்வுப் பின்னல், குற்றவுணர்வுப் பின்னல்.

'மனப்பான்மை'க்கும் ஒரு சொல் பரிந்து பேச வேண்டும். பால்+மை = பான்மை; லகரம் மெல்லினத்தின் முன் னகரமாயிற்று. பால் என்பதற்கு ஊழ் என்றும் பொருளுண்டு. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதைத் தொல்காப்பியர் 'உயர்ந்த பாலது ஆணையின்' என்கிறாரே. நாம் காம்ப்ளெக்ஸை வைத்திருப்பதில்லை, அதுதான் நம்மை வைத்திருக்கிறது என்ற கருத்தில் யுங் பிற்காலத்தில் பேசினார். ஊழ் பற்றியதுபோல் பற்றும் ஒன்றுக்குப் 'பான்மை' எவ்வளவு ஆழமான பெயர்! அந்தப் பொருள் யார் நினைவிலும் இல்லாமல் போனது நம் குறைதான்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

ஐயா, பால் பற்றிய குறிப்பைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் 'பான்மை' என்றால் குணம், பிறவித் தன்மை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். பிறவிக் குணத்தை யாரும் ஆலோசனைக்குக் கொண்டுவர மாட்டார்கள். எனக்கு இந்தச் சொல்லின்மேல் உள்ள முதல் மனத்தாங்கலே அதுதான். பின்னல் என்றால் பின்னப்பட்டது, பிரிக்கக்கூடியது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

மடல் போட்டவர்களில் பெரும்பாலோர், போதும் என்ற களைப்பிலோ என்னவோ, 'மனப்பின்னல்' பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். எனவே இப்படி வைக்கிறேன்: ஆட்லர் சொன்ன பொதுவான உணர்வுக்குத் 'தாழ்வுணர்ச்சி', கெட்டிப்பட்டதற்குத் 'தாழ்வுப் பின்னல்'. முதன்முறை வரும் இடத்தில் மட்டும், 'வழக்கில் தாழ்வு மனப்பான்மை எனப்படுவது' என்று ஒரு தொடர் சேர்க்கிறேன். தாயிடம் பற்றும் தந்தையிடம் போட்டியும் கொள்ளும் மகனின் நிலைக்கு உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் 1910இல் பெயரிட்டது 'ஈடிப்பஸ் பின்னல்' ஆகும்.

வேதியியல் ஆசிரியர் எழுதியது

கணினியில் 'வலைப்பின்னல்' இருக்கிறது. மாணவர் குழம்புவர். என் ஓட்டு அணைவுக்கே. சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகவாவது இடம் கொடுங்கள்.

ஆலோசகர் எழுதியது

என் அறையில் நான் 'தாழ்வு மனப்பான்மை' என்றுதான் தொடர்ந்து சொல்வேன். வருகிறவர் அந்தச் சொல்லோடுதான் வருகிறார், அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. கையேட்டில் பின்னல் இருக்கட்டும், தடையில்லை.

ஒரு திருத்தம் மட்டும். எல்லோரையும் காப்பாற்றத் தவிப்பவரின் நிலையைக் கையேட்டு வரைவில் 'மீட்பர் பின்னல்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர்களில் பலர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள். பிறருக்குத் தேவைப்பட்டால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிறவர் அவர். உதவி பெற்றவர் சொந்தக்காலில் நின்றுவிட்டால் இவருக்கு உறவே முறிந்ததுபோல இருக்கும். அந்தப் பயம் பெயரில் தெரிய வேண்டும். வியாழன் இரவுக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.