பிளிட்ஸ்: ‘ஊடுபாய்ச்சல்’ பொருந்துமா?

> ஜெர்மன் மொழியில் பிளிட்ஸ் என்றால் மின்னல். ‘மின்னல் தாக்குதல்’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா.

அமெரிக்கக் கால்பந்துக் கலைச்சொல் பட்டியலுக்காக நாம் சொல் தேடும் பிளிட்ஸ் இதுதான்: முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரரும், எதிரணியில் பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் புகுவது. சொற்பிறப்பு சரி. ஆனால் அமெரிக்கக் கால்பந்து பழகும் சிறுவனிடம் ‘மின்னல்’ என்றால் வேகம்தான் எல்லாம் என்று எடுத்துக்கொள்வான். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன்பே, பந்து இருக்கும் கோட்டைத் தாண்டுவான். ஐந்து கெஜம் தண்டம். பிளிட்ஸில் முதன்மையானது ஆள்கணக்கு. தற்காப்பு முன்வரிசைக்காரர்கள் எப்போதும் முட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், அது ‘முட்டல்’. பின்னால் நின்று ஆட்டத்தைக் கவனித்து நகரவேண்டிய லைன்பேக்கர், அதை விட்டு ஸ்னாப்போடு புகுந்தால்தான் ‘பாய்ச்சல்’.

எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அதற்கடுத்து டேக்கிள். உள் லைன்பேக்கர் புகும் வழி, சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள ஏ சந்து, அல்லது கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே உள்ள பி சந்து. அதனால் ‘ஊடுபாய்ச்சல்’. களத்தின் ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக் வெளியிலிருந்து வந்தால் ‘ஓரப்பாய்ச்சல்’.

பயிற்சிக் குறிப்பில் பொருத்திப் பார்த்தேன்:

“லைன்பேக்கர் வழக்கம்போல் நான்கைந்து கெஜம் தள்ளி நிற்பார். குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கத் தொடங்கியதும் ஓரிரு அடி நெருங்கலாம். கண் பந்தின் மேல்; குரலை நம்பினால் ஏமாறுவார். பந்து அசைந்ததும் சந்துக்குள் ஊடுபாய்ச்சல்: கார்டின் பக்கத்துத் தோளைத் தாழ்த்தி, அதே கையைக் கீழிருந்து மேலே வீசி, பக்கவாட்டில் நழுவவேண்டும். நிமிர்ந்து போனால் கார்டுக்கு மார்பு அகப்பட்டுவிடும். பந்துக்காரரை நெருங்கும்போது அடியைக் குறுக்கவேண்டும். இல்லையேல் அவர் விலகிக்கொள்ள, இவர் தாண்டி ஓடிவிடுவார். பிடிக்கும்போது தோள் முதலில், தலை ஒதுங்கி, முகம் நிமிர்ந்து.”

அடிக்கடி கெடுவது வேறு இடத்தில். நம் தற்காப்பு முன்வரிசை டேக்கிளும் லைன்பேக்கரும் ஒரே சந்துக்குள் போய் நெரிபட, அடுத்த சந்து திறந்து கிடக்கும். ஓட்டக்காரர் அதில் போய்விடுவார். ஆகவே ‘இடது ஏ’ என்று அழைத்தால், அந்தப் பக்க டேக்கிள் பி சந்துக்குச் சாயவேண்டும். வெறும் ‘ஊடுபாய்ச்சல்’ என்றால் அழைப்பு முழுமையாகாது; சந்தின் பெயரும் சேரவேண்டும்.

---

> ஊடுபாய்ச்சல்

‘தண்ணீர் பாய்ச்சல்’ நினைவுக்கு வருகிறதே என்று முதலில் தயங்கினேன். ஆனால் ஊடுபயிர் வரிசைகளுக்கு நடுவே நிற்பது எல்லாருக்கும் தெரியும், ‘ஊடு’ விளங்கிவிடும். என் வாக்கு இதற்கே.

இரண்டு உள் லைன்பேக்கர்களும் இடம் மாறி எதிரெதிர் ஏ சந்துகளில் புகுவதற்கு ‘கத்தரிப் பாய்ச்சல்’ எனலாமா? விளக்கத்தில் யார் முந்துவார் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் முந்த, மற்றவர் அவர் முதுகை ஒட்டிப் போகவேண்டும். சேர்ந்து கிளம்பினால் நடுவில் இருவரும் மோதிக்கொள்வார்கள்.

---

கத்தரி நன்று, சேர்த்துக்கொள்கிறேன். இருவரும் போய்விட்டால் நடுக்களம் காலி, குறும்பாஸுக்கு வாசல் திறந்த மாதிரி. அதனால் எல்லாருக்கும் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரரான சேஃப்டி இறங்கி வரவேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிடுகிறேன். மிகச் சிறிய வயதுப் பிரிவுகளில் சில லீகுகள் பிளிட்ஸையே அனுமதிப்பதில்லை. அந்த விதிக்குப் ‘பாய்ச்சல் தடை’ என்று தனிப்பதிவு போடுகிறேன். லைன்பேக்கருக்குச் சொல் கிடைக்கும்வரை லைன்பேக்கராகவே இருக்கட்டும்.