சோதனைப் பட்டைக்கு "உடனொளிர்" பொருந்துமா? – "ஏற்றொளிரி" பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு துளி இரத்தம் விட்டால் கோடு காட்டும் விரைவுச் சோதனைப் பட்டைகளில் சேர்க்கும் ஒளிரும் துகளுக்கு "உடனொளிர் பொருள்" (fluorescent material) என்றே வைத்துக்கொள்ளலாம் என முந்தைய மடல்களில் பேச்சு போனது. இயற்பியல் பாடத்துக்கு அது நல்ல சொல். ஒளி பட்டதும் ஒளிர்ந்து, சில நானோநொடிகளில் அடங்கிவிடுவது உடனொளிர்வு; ஒளியை நிறுத்திய பிறகும் நீடிப்பது நின்றொளிர்வு. ஆனால் பட்டைக்கு வரும்போது அந்த "உடன்" இடிக்கிறது.

வழக்கமான பட்டையில் தங்க நானோதுகள்கள், தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சுமந்து ஊர்ந்து போய், கோட்டில் சேர்ந்து சிவப்பாகத் தெரியும். தேடும் புரதம் மிகக் குறைவாக இருந்தால் கோடு கண்ணுக்கே படாது. அதற்குத்தான் ஒளிரும் துகள். புற ஊதா டார்ச்சை அடித்தால் வெறுமையாகக் கிடந்த இடத்தில் கோடு எழும்பும். சிக்கல் என்னவென்றால், பட்டையும் இரத்தமும்கூடக் கொஞ்சம் ஒளிரும். அந்த மங்கல் வெளிச்சத்தில் கோடு கரைந்துவிடும்.

யூரோப்பியம் என்ற அருமண் உலோகம் கைகொடுப்பது இங்கேதான். அதன் சேர்மங்கள் 615 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பில், நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகள் ஒளிர்கின்றன. பட்டையைப் படிக்கும் கருவி ஒரு மின்னல் வெட்டுப்போல ஒளியைப் பாய்ச்சி நிறுத்துகிறது, சற்றுப் பொறுக்கிறது, மற்றதெல்லாம் அடங்கிய பிறகு அளக்கிறது. தாமதம்தான் இந்த நுட்பத்தின் உயிர். அதைப் போய் "உடனொளிர்" என்றால் படிக்கும் மாணவர் குழம்பமாட்டாரா? இன்னொரு வகைத் துகள் 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருகிறது. அதுவும் அந்தப் பெயருக்குள் அடங்காது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒளியை ஏற்று, பிறகு ஒளிர்வது. அதனால் என் பரிந்துரை: நிகழ்வு ஏற்றொளிர்வு, பொருள் ஏற்றொளிரி. ஏற்றொளிரிப் பட்டை, யூரோப்பிய ஏற்றொளிரி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கவில்லை. வெளி ஒளியே தேவைப்படாமல் வேதிவினையால் எழும் வேதியொளிர்வும் தானாக விலகி நிற்கிறது. விளக்கேற்றுவதில் உள்ள "ஏற்று" இதில் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

"நின்றொளிர்வும் ஒளியை ஏற்றுத்தானே ஒளிர்கிறது?" என்று கேட்பீர்கள். ஆம். இதை உடனொளிர்வு, நின்றொளிர்வு இரண்டுக்கும் மேலான குடும்பப் பெயராகத்தான் வைக்கிறேன். பாடநூலில் அவை அப்படியே இருக்கட்டும்.

மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இல்லை என்ற குறைக்கும் ஒரு வார்த்தை. 1852இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் வைத்த fluorescence என்ற பெயர் ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து வந்தது; அதில் ஒளி என்ற பொருளே கிடையாது. அதை மொழிபெயர்க்கும் கட்டாயம் நமக்கு இல்லை.

அப்புறம், நோயாளி இருக்கும் இடத்திலேயே செய்யும் சோதனைக்கு (point-of-care test) "பராமரிப்புப் புள்ளிச் சோதனை" என்ற நேர் மொழிபெயர்ப்பு வேண்டாம். "அருகிடச் சோதனை" போதும்.

"ஏற்றொளிரி"யா "ஏற்றொளிர்வி"யா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். தானே ஒளிர்வதால் முதலாவதே சரி என்று நினைக்கிறேன். "ஒளிர்வி" என்றால் பிறிதை ஒளிரச் செய்வது ஆகிவிடும்.

அன்புடன்.