பால் சுறாவில் மெத்தில் பாதரசம்: அளவு விவரம் தேவை

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவில் செய்த சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்று கணக்கிட்டு வருகிறோம். ஓரிடத்தில் நிற்கிறது, உதவுங்கள்.

மீனில் சேரும் பாதரச நச்சான மெத்தில் பாதரசம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். எனவே ஒருநாள் அளவை மட்டும் பார்த்துப் 'பரவாயில்லை' என்று சொல்லக் கூடாது. அதே அளவு வாராவாரம் உள்ளே போனால் எட்டு மாதத்துக்கும் மேல் சேர்ந்துகொண்டே போய்த்தான் நிலைபெறும். முன்பே சேர்ந்தது உடலில் இருப்பதால், கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நிறுத்துவதும் பாதிப் பலன்தான்.

எங்கள் கணக்கு இது: உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்ஏஓவும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-இல் வகுத்த வார வரம்பு, கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம். 55 கிலோ பெண்ணுக்கு வாரம் 88 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் 150 கிராம் துண்டிலேயே 75 மைக்ரோகிராம் போய்விடும். அந்த வாரம் வேறு பெரிய மீனுக்கு இடமில்லை. (எடையைப் பச்சை மீனில் எடுங்கள். அவித்தால் நீர்தான் போகும், பாதரசம் போகாது.)

கேட்பது இரண்டு. பால் சுறாவின் நீளம், எடையோடு சேர்ந்த பாதரச அளவு யாரிடமாவது இருக்கிறதா? பெரிய சுறாவின் எண்ணைக் சிறிதான பால் சுறாவுக்குப் போட்டால் வீணாகப் பயமுறுத்தியதாகிவிடும். அடுத்து, ஆய்வறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்த மாதிரிகளைப் பூஜ்யமாக வைக்க மனம் ஒப்பவில்லை. பாதிக்கு மேல் அப்படி வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கருவியின் கண்டறி வரம்பையும் (அது கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு) சேர்த்தே அனுப்புங்கள்.