மலச்சிக்கலே இல்லை, லாக்டுலோஸ் எதற்கு?

கேள்வி (கோத்தகிரி): அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்). மலச்சிக்கல் இல்லாமலே லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குளிரில் ராத்திரி எழுந்து எழுந்து போக முடியவில்லை, நிறுத்திவிடு என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். குடலில் உருவாகும் அம்மோனியாவைப் பழுதான கல்லீரலால் அகற்ற முடியாது, அது மூளையைத் தாக்கினால் குழப்பம், பகல் தூக்கம் எல்லாம் வரும், அதை மலத்தோடு வெளியேற்றத்தான் இந்த சிரப். ஒரு நாளைக்கு 2, 3 முறை இளகலாகப் போனால் போதும்.

பதில் (குன்னூர்): தண்ணீராகப் போனால் நீர்ச்சத்து குறைந்து குழப்பம் கூடும், அளவைக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், தினமும் கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள். கை சட்டென்று விழுந்து விழுந்து எழுந்தால் அது மூளை பாதிப்பின் அறிகுறி, காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேட்டவர்: சரி, ராத்திரி வேளையை முன்னதாகக் கொடுக்கலாமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.