புதுப்பிப்பு: மின்சார சைக்கிளில் எல்க் வேட்டை, ஒரு பருவம் முடிந்த பிறகு

அமெரிக்காவின் கொலராடோ மலைக்காட்டில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட மின்சார சைக்கிள் சரிப்படுமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பேட்டரி பாதி வழியில் கைவிடும் என்றார்கள் பலர். கைவிடவில்லை, ஆனால் பயமுறுத்தியது. அக்டோபர் குளிரில் அதை இரவெல்லாம் சைக்கிளிலேயே விட்டிருந்தேன். காலையில் வழக்கமான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடியது. மறுநாள் முதல் பேட்டரியைக் கழற்றி, குழந்தையைப் போல என் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முந்தைய பதிவில் ஒரு தவறு: எந்தப் பாதையிலும் போகலாம் என்று எழுதியிருந்தேன். தேசிய வனங்களில் மின்சார சைக்கிளும் மோட்டார் வாகனம்தான். மோட்டார் வண்டிக்குத் திறந்த பாதைகளில் மட்டுமே அனுமதி. 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின்படி காக்கப்படும் வனாந்தரப் பகுதிகளில் சாதாரண சைக்கிளுக்கே இடமில்லை.

விடியுமுன் பழைய மரவெட்டுச் சாலையில் ஏழு கிலோமீட்டர் ஏறியது சுகம். வியர்வை இல்லை, எஞ்சின் இரைச்சல் இல்லை. பருத்த டயருக்கடியில் சரளை நொறுங்கும் ஓசை மட்டும் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. கடைசி வளைவில் இறங்கித் தள்ளினேன். குறுக்கே விழுந்துகிடந்த பைன் மரங்கள்தான் உண்மையான எதிரி. 33 கிலோ வண்டியைத் தனியாளாகத் தூக்கித் தாண்டவைத்துப் பாருங்கள், தெரியும்.

பின்சக்கர மோட்டார் செங்குத்து ஏற்றத்தில் தொட முடியாதபடி சுட்டது. அடுத்த முறை, மிதிகட்டைகளுக்கு நடுவில் இருந்து கியர்களின் வழியே இழுக்கும் நடு மோட்டார்தான். இறைச்சி ஏற்றிய இழுவண்டியோடு இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வந்ததால், பிரேக் வட்டுகளையும் மாற்றுகிறேன்.